கதவைத் திறக்க வேண்டியவர் நாமே: திகில் விளையாட்டுகள் குறித்து ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் திகில் வீடியோ விளையாட்டுகளைப் பற்றி அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கிராபிக்ஸ் வளர வளர இவ்வகை விளையாட்டுகள் தரும் அச்சமும் வளர்கிறது என்றும், ரத்தமும் கோரமும் எவ்வளவு தத்ரூபமாகத் தெரிகின்றனவோ அவ்வளவுக்கு ஆடுபவர் நடுங்குவார் என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. குறைந்த வசதிகளோடு உயிர் பிழைப்பதே ஆட்டமாக இருப்பதால் 'சர்வைவல் ஹாரர்' என்று அழைக்கப்படும் இந்த வகையை நீண்ட காலமாக ஆடியும் கவனித்தும் வருபவன் என்ற முறையில், இந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஆடுபவரின் கையில் எதைக் கொடுக்கிறார்கள், எதைக் கொடுக்காமல் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள் என்ற கணக்கில்தான் இந்த விளையாட்டுகளின் அச்சம் பிறக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அதைச் சற்று விரிவாகச் சொல்ல இடம் தருமாறு வேண்டுகிறேன்.

திகில் படம் பார்ப்பவர் பயந்து கண்ணை மூடிக்கொண்டாலும் படம் நிற்பதில்லை. கதாநாயகி நிலவறைக்குள் இறங்கும்போது 'போகாதே' என்று நாம் மனதுக்குள் கத்தலாம். ஆனால் இறங்குவது அவள், இறக்கி விடுவது இயக்குநர். விளையாட்டிலோ, இருண்ட நடைகூடத்தின் முனையில் நிற்கும் பாத்திரம் நாம் பொத்தானை அழுத்தாதவரை ஓர் அடிகூட எடுத்து வைக்காது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அங்கேயே நிற்கலாம், ஆனால் நின்றால் கதை நகராது. போகக் கூடாது என்று உள்ளம் சொல்லும் இடத்துக்கு நம்மை நாமே நடத்திக்கொண்டு போக வேண்டியிருப்பதுதான் இந்த அச்சத்தின் அடிப்படை. சுவீடனைச் சேர்ந்த ஃபிரிக்ஷனல் கேம்ஸ் நிறுவனம் 2010-இல் வெளியிட்ட 'அம்னீசியா: தி டார்க் டிசென்ட்' விளையாட்டில் கதவைத் திறக்க ஒரு பொத்தானைத் தட்டினால் போதாது, மவுஸை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கதவைக் கையால் இழுப்பதுபோலவே இழுக்க வேண்டும். அதனால் கதவை விரற்கடை அளவு மட்டும் திறந்து, இடுக்கு வழியே எட்டிப் பார்த்து, உள்ளே ஏதோ அசைந்தால் ஓசைப்படாமல் மூடிவிட முடியும். பதற்றத்தில் கை தவறினால், மூட வேண்டிய கதவு இன்னும் அகலமாகத் திறந்துகொள்ளும். அந்தத் தவறைச் செய்தது நம் கை என்ற உணர்வை எந்தத் திரைப்படத்தாலும் தர முடியாது.

இந்த வகை பிறந்து வளர்ந்த விதமும் இதையே காட்டுகிறது. 1992-இல் பிரான்சின் இன்ஃபோகிராம்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'அலோன் இன் தி டார்க்', வரைந்து வைத்த பின்னணிகளின் மேல் முப்பரிமாணப் பாத்திரங்களை நடமாட விட்டு, கேமராவை ஒவ்வோர் இடத்திலும் அசையாமல் நிறுத்தி வைத்தது. 1996-இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் சொந்த நாட்டில் 'பயோஹஸார்ட்' என்றும் வெளிநாடுகளில் 'ரெசிடென்ட் ஈவில்' என்றும் வெளியிட்ட விளையாட்டு, அதே காட்சி முறையைக் கைக்கொண்டு, அதன் மேல் மிகச் சிக்கனமான ஒரு பொருளாதாரத்தைக் கட்டியது. அதன் இயக்குநர் ஷின்ஜி மிகாமி. கிறிஸ் என்ற பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தால் 6 பொருள்களையும், ஜில் என்ற பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தால் 8 பொருள்களையும் மட்டுமே சுமக்கலாம். துப்பாக்கிக்கு ஓர் இடம், தோட்டாவுக்கு ஓர் இடம், காயத்துக்கான பச்சிலைக்கு ஓர் இடம் என்று ஒதுக்கினால், சாவிகளுக்கும் புதிர்களுக்கான பொருள்களுக்கும் மிஞ்சுவது சொற்பம். பாத்திரம் இறந்தால் கடைசியாகச் சேவ் செய்த, அதாவது பதிந்து வைத்த, இடத்திலிருந்துதான் தொடர முடியும். அப்படிச் சேவ் செய்வதற்கும், கதை நடக்கும் ஜாம்பிகள் நிறைந்த மாளிகையில் எங்கோ இருக்கும் தட்டச்சு இயந்திரத்தைத் தேடிப் போக வேண்டும். போனாலும் மை நாடா கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் ஒரு நாடா செலவாகும். அந்த நாடாவும் பையில் ஓர் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

இதன் விளைவை ஆடிப் பார்த்தவர்கள் அறிவார்கள். கடைசியாகச் சேவ் செய்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அதற்குள் ஒரு சாவியைக் கண்டெடுத்து, ஒரு புதிரை விடுவித்து, பூட்டியிருந்த ஒரு பகுதியைத் திறந்தும் ஆயிற்று. பாத்திரத்தின் உடல்நிலை மோசமாகிவிட்டது, தோட்டாக்கள் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டன. தட்டச்சு இயந்திரம் இருக்கும் அறைக்கு இன்னும் ஒரே ஒரு நடைகூடம்தான் பாக்கி, ஆனால் அங்கே ஒரு ஜாம்பியை விட்டுவிட்டு வந்தது நினைவில் இருக்கிறது. சுட்டால் தோட்டா தீரும். சுடாமல் சுவரோரமாக நழுவிப் போக முயன்றால் கடிபடலாம். கடிபட்டால் இருக்கும் ஒரே பச்சிலையும் போகும், அல்லது அந்த முக்கால் மணி நேர உழைப்பு மொத்தமும் போகும். தள்ளாடித் தள்ளாடி நடக்கும், அறிவில்லாத அந்த உருவத்தை அசைபடத்தில் பார்த்தால் சிறுவர்கள்கூட அவ்வளவாகப் பயப்பட மாட்டார்கள். இங்கே அது பயங்கரமாக இருப்பதற்குக் காரணம், நாம் உண்மையில் செலவழித்த நேரத்தை நம்மிடமிருந்து பறிக்கும் வல்லமை அதற்கு இருப்பதுதான். பாத்திரத்தின் உயிர் கற்பனை என்றாலும் நம் நேரம் கற்பனை இல்லை.

அதே விளையாட்டை 2002-இல் மீண்டும் உருவாக்கியபோது, இந்தக் கணக்கை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்கள். சுட்டு வீழ்த்திய ஜாம்பியை எரிக்காமலோ அதன் தலையைச் சிதறடிக்காமலோ விட்டுவிட்டால், சற்று நேரம் கழித்து அது முன்னைவிட வேகமாகவும் மூர்க்கமாகவும் எழுந்து ஓடி வரும். எரிப்பதற்கு மண்ணெண்ணெய் வேண்டும். மண்ணெண்ணெயும் அளவோடுதான் கிடைக்கும், அதைச் சுமக்கும் குடுவையும் பையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே அடிக்கடி போய்வர வேண்டிய ஒரு கூடத்தில் கிடக்கும் பிணத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும், அன்று ஏன் தோட்டாவைச் செலவழித்தோம், சும்மா விலகி ஓடியிருக்கலாமே என்ற எண்ணம் வரும். வென்ற சண்டையே பின்னால் வினையாக வந்து நிற்கும் இந்த ஏற்பாட்டை நான் மிக உயர்ந்த கலைத்திறனாகக் கருதுகிறேன்.

திடீரென்று ஒன்றைப் பாய விட்டு ஆடுபவரைத் திடுக்கிட வைப்பது எளிது. அந்த அதிர்ச்சி சில நொடிகளில் அடங்கிவிடும். ஆனால் நல்ல விளையாட்டு அந்த அதிர்ச்சியை வீணாக்குவதில்லை. 1996-ஆம் ஆண்டு விளையாட்டில் நடைகூடத்தின் சன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு நாய்கள் பாயும் காட்சி பெயர் பெற்றது. அந்தக் காட்சியின் உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: அன்று முதல் அந்த மாளிகையின் எந்தச் சன்னலையும் ஆடுபவர் நம்ப மாட்டார். 2002-ஆம் ஆண்டு ஆக்கத்திலோ, பழைய ஆட்டம் தெரிந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு அதே நடைகூடத்தைக் கடக்கும்போது கண்ணாடியில் விரிசல் மட்டும் விழுகிறது, நாய் வருவதில்லை. அது பிறகு, எதிர்பாராத வேளையில் வருகிறது. நம் எதிர்பார்ப்பையே நமக்கு எதிராகத் திருப்பி விடுகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாததை வைத்து அச்சுறுத்துவதும் இந்த வகைக்கே உரிய பழைய கலை. அசையாத கேமரா அறையின் மூலையிலிருந்து பார்க்கும்போது, பாத்திரத்துக்கு நேர் எதிரே நிற்பது அதன் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் நமக்குத் தெரியாது. ஒரு முனகல் மட்டும் கேட்கும். 1999-இல் கோனாமி வெளியிட்ட 'சைலன்ட் ஹில்' இதை வேறொரு வழியில் செய்தது. அன்றைய பிளேஸ்டேஷன் கருவியால் ஒரு நகரத்தின் தெருக்களைத் தொலைவு வரை வரைந்து காட்ட முடியாது. அந்த இயலாமையை மறைக்க ஊரையே மூடுபனியாலும் இருளாலும் நிரப்பினார்கள். வரைய முடியாமல் போனதே அந்த ஊரின் முகமாகிவிட்டது. கூடவே பாத்திரத்தின் கையில் ஒரு சிறிய வானொலியைக் கொடுத்தார்கள். ஆபத்து அருகில் இருந்தால் அது கரகரக்கும். பனிக்குள் எதுவும் தெரியாது, எந்தத் திசை என்றும் தெரியாது, ஆனால் ஏதோ இருக்கிறது என்பது மட்டும் தெரியும். எச்சரிக்கை தருவதுபோல் கொடுத்த கருவி, ஆடுபவரை இன்னும் கூடுதலாக நடுங்க வைக்கும் கருவியாக வேலை செய்கிறது. இசையமைப்பாளர் அகிரா யமாவோக்காவின் இரும்பு உரசும் ஒலிகளும் சேர்ந்துகொள்ளும்போது, கேட்டது இசையா, வானொலியா, பின்னால் வருவதன் ஓசையா என்று பிரித்தறிய முடியாமல் போகிறது. கட்டுரை போற்றிய 'தத்ரூபம்' அன்று துளியும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

துரத்துபவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1995-இல் வந்த 'கிளாக் டவர்' விளையாட்டில் பெரிய கத்தரிக்கோலுடன் வரும் ஒருவனிடமிருந்து ஓடி ஒளிவதே ஆட்டம். 1999-இல் 'ரெசிடென்ட் ஈவில் 3', கதவைத் தாண்டி வேறு அறைக்குப் போனாலும் தொடர்ந்து வரும் நெமிசிஸ் என்ற எதிரியைக் கொண்டுவந்தது. அதுவரை கதவைச் சாத்தினால் பிழைத்தோம் என்று பழகியிருந்தவர்களுக்கு அது பேரிடி. என் பார்வையில் இந்த உத்தி முழு முதிர்ச்சி பெற்றது, 2019-இல் மீண்டும் உருவாக்கப்பட்ட 'ரெசிடென்ட் ஈவில் 2'-இல்தான். அதில் தொப்பியும் நீண்ட மேலங்கியும் அணிந்த ஒரு ராட்சத உருவம் காவல் நிலையம் முழுவதும் நம்மைத் தேடி அலையும். மிஸ்டர் எக்ஸ் என்று அழைக்கப்படும் அவனைக் கொல்ல முடியாது; நிறையத் தோட்டாக்களைச் செலவழித்தால் சிறிது நேரம் மண்டியிட வைக்கலாம், அவ்வளவுதான். அவன் கண்ணில் படாத நேரங்களிலும் அவனுடைய பூட்ஸ் காலடி கேட்டுக்கொண்டே இருக்கும். ஹெட்போன் அணிந்திருந்தால் மேல் மாடியில் நடக்கிறானா, பக்கத்து அறையில் நடக்கிறானா என்பதுகூடத் தெரியும்.

அதே கட்டடத்தில் லிக்கர் என்ற இன்னொரு எதிரியும் இருக்கிறது. அதற்குக் கண் தெரியாது, காது மட்டும் கூர்மை. அது இருக்கும் இடத்தை ஓசைப்படாமல் மெல்ல நடந்து கடக்க வேண்டும். இப்போது இந்த நிலையை எண்ணிப் பாருங்கள்: நடைகூடத்தின் கூரையில் லிக்கர் தொங்குகிறது, அடிமேல் அடி வைத்து நாம் பாதித் தொலைவு வந்துவிட்டோம், பின்னால் கதவு திறக்கும் சத்தம், அதைத் தொடர்ந்து அந்தக் கனத்த காலடி. நின்றாலும் நடந்தாலும் அவன் பிடித்துவிடுவான். ஓடினால் மேலே இருப்பது பாயும். ஓர் எதிரிக்குத் தெரிந்த மருந்து மற்றோர் எதிரிக்கு விஷமாகிறது. இந்த இரண்டையும் தனித்தனியாகச் சந்தித்தால் சமாளித்துவிடலாம். சேர்ந்து வரும்போது கற்ற பாடம் எதுவும் உதவாமல், கட்டைவிரல் கண்ட்ரோலரின் மேல் உறைந்து நிற்கிறது. இவை முன்கூட்டியே எழுதி வைத்த காட்சியாக வருவதில்லை. இரண்டு எளிய விதிகள் ஒரே நடைகூடத்தில் மோதும்போது தானாக விளைபவை. அதனால்தான் ஒருவருக்கு நேர்ந்தது அதே விதமாக இன்னொருவருக்கு நேர்வதில்லை.

2014-இல் கிரியேட்டிவ் அசெம்பிளி உருவாக்கிய 'ஏலியன்: ஐசோலேஷன்' இதே சிந்தனையை ஒரு விண்வெளி நிலையத்தில் வைத்துப் பார்த்தது. அங்கே வேட்டையாடும் வேற்றுக்கிரக உயிரியை இயக்கும் செயற்கை அறிவு இரண்டு அடுக்குகளாக அமைக்கப்பட்டிருக்கிறது. மேல் அடுக்குக்கு ஆடுபவர் எங்கே இருக்கிறார் என்பது எப்போதும் தெரியும். ஆனால் அது உயிரிக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்காமல், இந்தப் பக்கமாகப் போய்த் தேடு என்று குறிப்பு மட்டும் தரும். மிச்சத்தை அந்த உயிரி தன் கண்ணாலும் காதாலும் கண்டறிய வேண்டும். ஆடுபவர் வெகு நேரம் நெருக்கடியில் இருந்தால், மேல் அடுக்கே அதைச் சற்று விலக்கி மூச்சு விடவும் வைக்கும். ஏமாற்று வேலை என்று தோன்றாமல், அதே நேரத்தில் வேட்டை ஓயாமலும் இருப்பதற்கு இந்தப் பங்கீடே காரணம். அசைவைக் காட்டும் கருவி ஒன்று நமக்கு உண்டு; ஆனால் அதை உயர்த்திப் பார்க்கும்போது சுற்றியுள்ள காட்சி மங்கும், அது எழுப்பும் ஒலி அருகில் இருக்கும் உயிரியை இழுத்தும் வரும். சேவ் செய்யும்போதும் உலகம் நிற்பதில்லை. சுவரில் உள்ள கருவியில் அட்டையைச் செருகி, விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும் வரை அங்கேயே நிற்க வேண்டும். அந்தச் சில நொடிகளில் முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்பது தெரியாது. 'ரெசிடென்ட் ஈவில்' பொருளைப் பறித்தது என்றால், இது நிம்மதியைப் பறிக்கிறது.

ஆயுதமே இல்லாத விளையாட்டுகள்தாம் அதிகம் அச்சுறுத்தும் என்று பலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஓடுவது, ஒளிவது என்ற இரண்டு வழிகள் மட்டுமே இருந்தால், சில மணி நேரத்தில் அவை பழக்கமாகிவிடும். முடிவெடுக்கும் பாரம் குறைந்துவிடும். நான்கைந்து தோட்டாக்கள் கையில் இருப்பவருக்கோ ஒவ்வொரு கூடத்திலும் ஒரு கேள்வி காத்திருக்கிறது. ஆயுதமே தராத 'அம்னீசியா' இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கடந்தது. அதில் இருளில் நின்றால் எதிரிக்குத் தெரிய மாட்டோம், ஆனால் பாத்திரத்தின் மனநிலை பிறழத் தொடங்கும். விளக்கை ஏற்றினால் மனம் தெளியும், ஆனால் காட்டிக்கொடுக்கும், எண்ணெயும் தீரும். எதிரியை உற்றுப் பார்த்தாலே மனம் குலையும் என்பதால், நம்மை விரட்டும் உருவம் எப்படி இருக்கிறது என்பதைச் சரியாகப் பார்க்காமலேயே பலர் ஆடி முடிப்பார்கள். நீர் தேங்கிய நிலவறையில் வரும் எதிரிக்கு உருவமே கிடையாது. நீர் தெறிப்பது மட்டும் நம்மை நோக்கி வரும். பெட்டிக்குப் பெட்டி தாவிக்கொண்டிருக்கும்போது கால் தவறி நீரில் விழுந்தால், அந்தத் தெறிப்பின் வேகம் கூடுவதைக் கேட்கலாம். அந்தக் காட்சிக்குக் கிராபிக்ஸ் என்று செலவானது மிகச் சிறிது.

இவற்றோடு, அச்சத்துக்கு ஓய்வும் தேவை. 'ரெசிடென்ட் ஈவில்' வரிசையில் தட்டச்சு இயந்திரம் இருக்கும் பாதுகாப்பான அறைகளில் மட்டும் ஒரு மெல்லிய இசை ஒலிக்கும். அதைக் கேட்டதும் தோள்கள் தளர்வதை ஆடியவர்கள் எல்லோரும் உணர்ந்திருப்பார்கள். அங்கே எதுவும் வராது. ஆனால் அங்கேயே இருக்கவும் முடியாது, வெளியேறும் நேரத்தை நாமே தீர்மானிக்க வேண்டும். ஓயாமல் மிரட்டிக்கொண்டே இருக்கும் விளையாட்டு ஒரு கட்டத்துக்கு மேல் மரத்துப் போகச் செய்கிறது. அதுபோலவே, அடிக்கடி சாகடிக்கும் விளையாட்டும் தோற்றுவிடுகிறது: ஒரே இடத்தில் பலமுறை இறந்தால், பயங்கரமாக இருந்த உருவம் கடக்க வேண்டிய ஒரு தடையாகச் சுருங்கி, பயம் போய் எரிச்சல் வந்துவிடும். சாவு நெருங்கி வர வேண்டும், ஆனால் எளிதில் வந்துவிடக் கூடாது. இந்த அளவைச் சரியாகப் பிடிப்பதுதான் இத்துறையில் மிகக் கடினமான வேலை என்று நினைக்கிறேன்.

கட்டுரையின் மையக் கருத்துக்கே வருகிறேன். கிராபிக்ஸ்தான் அச்சத்தைத் தீர்மானிக்கிறது என்றால், 2012-இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 6' அதே வரிசையின் 1996-ஆம் ஆண்டு ஆட்டத்தைவிடப் பன்மடங்கு பயங்கரமாக இருந்திருக்க வேண்டும். அது தோட்டாக்களை வாரி வழங்கி, வெடிப்பும் துரத்தலுமாக ஓர் அதிரடி விளையாட்டாகவே அமைந்தது. பழைய ரசிகர்கள் ஏமாற்றம் அடைந்தார்கள். 2017-இல் ஏழாம் ஆக்கம் ஒரு பாழடைந்த வீட்டுக்கும் குறைந்த பொருள்களுக்கும் திரும்பியபோது அச்சமும் திரும்பியது. 2022-இல் ஜெர்மனியைச் சேர்ந்த இருவர் கொண்ட ரோஸ்-எஞ்சின் குழு வெளியிட்ட 'சிக்னலிஸ்', பழைய காலத்து விளையாட்டுகளைப் போன்ற சிறிய, கரடுமுரடான உருவங்களைக் கொண்டது. அதிலும் 6 பொருள்களைத்தான் சுமக்க முடியும். பெரும் பொருட்செலவில் உருவான பல ஆக்கங்களைவிட அது என்னை அதிகம் கலங்கச் செய்தது.

ஆகவே, இனி திகில் விளையாட்டுகளை மதிப்பிட்டு எழுதும்போது கிராபிக்ஸுக்கு ஒதுக்கும் இடத்தில் ஒரு பகுதியையேனும், எப்படிச் சேவ் செய்ய வேண்டும், எவ்வளவு சுமக்கலாம், துரத்துவது நம்மை எப்படித் தேடுகிறது என்பவற்றுக்கு ஒதுக்குமாறு தங்கள் எழுத்தாளர்களிடம் சொல்ல வேண்டுகிறேன். எந்தக் கடின நிலையில் ஆடி எழுதுகிறார்கள் என்பதையும் வாசகர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். மேலே சொன்ன 2019-ஆம் ஆண்டு 'ரெசிடென்ட் ஈவில் 2'-இல் இயல்பான நிலையில் ஆட்டம் அவ்வப்போது தானாகவே சேவ் ஆகும், தட்டச்சு இயந்திரத்துக்கு நாடாவும் தேவையில்லை. 'ஹார்ட்கோர்' நிலையில் தானாகச் சேவ் ஆவது கிடையாது, நாடா இல்லாமல் எதுவும் நடக்காது. இரண்டிலும் சுவரின் ஈரமும் ரத்தத்தின் நிறமும் ஒன்றுதான். ஆனால் முதல் நிலையில் ஆடியவர் எழுதும் மதிப்புரையைப் படித்துவிட்டு இரண்டாம் நிலையில் ஆடத் தொடங்கும் வாசகர், தாம் படித்தது வேறு ஏதோ விளையாட்டைப் பற்றி என்றே நினைப்பார்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்